துண்டுச் சீட்டில் ஒரு டியூட்டி ஒப்படைப்பு

அரசு மருத்துவமனை வார்டில் காலை ஏழரை, எட்டு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? நைட் டியூட்டி சிஸ்டர், தூக்கம் கெட்ட கண்களோடு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்து வந்திருப்பவரிடம் படபடவென்று ஒப்பித்துக்கொண்டிருப்பார். “நாலாம் பெட் பாட்டிக்கு விடியக்காலைல சுகர் இறங்கிடுச்சு, குளுக்கோஸ் போட்டிருக்கு. ஏழாம் பெட்டுக்கு டிரிப்ஸ் முடியப்போகுது. பதினொண்ணாம் பெட்காரங்க இன்னும் ரத்தத்துக்கு ஆள் கூட்டிட்டு வரலை.” அழுகையோ புலம்பலோ அதில் இருக்காது. என்ன ஆச்சு, இனி என்ன செய்யணும், அவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்காமல் எந்த நர்ஸும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

லினி புதுசேரி தன் கணவருக்கு எழுதிய கடைசிச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காலை நேரத்து வார்டுதான் நினைவுக்கு வருகிறது.

லினி, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நர்ஸ். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தப் பணி. கணவர் பஹ்ரைனில் கணக்காளர். இரண்டு மகன்கள், மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு. வீடு, பிள்ளைகள், ஷிஃப்ட் மூன்றையும் ஒருத்தியாகவே இழுத்துக்கொண்டு ஓடும் வளைகுடா மனைவிகள் கேரளத்தில் ஏராளம். நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

2018 மே முதல் வாரத்தில், பேராம்பிராவுக்குப் பக்கத்திலுள்ள சூப்பிக்கடையிலிருந்து ஓர் இளைஞர் காய்ச்சலோடு அந்த மருத்துவமனைக்கு வந்தார். நைட் டியூட்டியில் லினி அவரைப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? இருமுகிறவரை நிமிர்த்தி உட்கார வைப்பது, வாந்தி எடுத்தால் வாயைத் துடைத்துவிடுவது, நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது. முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத வேலை. அந்த இளைஞர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, மே 5 அன்று இறந்துபோனார். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் ஒருவர் இறந்தார், அவ்வளவே.

சில நாட்களில் அவருடைய அண்ணனும் அதே அறிகுறிகளோடு படுத்தபோதுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பேர், மூளை வீக்கத்தோடு. மாதிரிகள் மணிப்பாலுக்குப் போயின. புனே தேசிய வைராலஜி நிறுவனம் நிபா என்று உறுதி செய்தது மே 20இல். லினி இறந்தது மே 21 அதிகாலை. அவரைக் கொன்ற நோய்க்கு, அவர் சாவதற்கு ஒரு நாள் முன்புதான் பெயர் கிடைத்தது.

கேரளத்துக்குத்தான் அந்தப் பெயர் புதிது, நோய் பழையது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் முதலில் வெடித்தபோது, சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பழந்தின்னி வௌவால்தான் வைரஸின் வீடு. கேரளத்தில் முதலில் சந்தேகப்பட்டது, அந்தச் சூப்பிக்கடை இளைஞரின் வீட்டுக் கிணற்றில் குடியிருந்த வௌவால்களை. அவை பூச்சி தின்னும் வகை. சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு அந்த வட்டாரத்தில் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபோது வைரஸ் அகப்பட்டது. இதற்கு அன்றும் மருந்தில்லை, தடுப்பூசியில்லை.

இந்தியாவில் இது முதலில் வந்தது 2001இல், மேற்கு வங்கத்தின் சிலிகுரியில். 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது நோயாளியைப் பார்க்கப் போனவர்கள். அதாவது, இந்த வைரஸ் யாரைப் பிடிக்கும் என்பது லினிக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த நாட்டுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவரைப் பிடிக்கும். இந்த அறிவு ஆய்விதழில் பத்திரமாக இருந்தது. காய்ச்சல் வார்டில் இருமுகிறவரின் தலைமாட்டில் நிற்கும் ஒரு தாலுகா நர்ஸின் முகத்துக்கு மாஸ்க்காக அது வந்து சேரவில்லை.

லினிக்கு மே நடுவில் காய்ச்சல் கண்டது. நிலைமை புரிந்ததும், தன்னைத் தனியறையில் வைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டதாக அப்போது செய்திகள் வந்தன. நர்ஸ் புத்தி. பஹ்ரைனிலிருந்து கணவர் பறந்து வந்து சேர்ந்தபோது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கண்ணால் பார்க்க மட்டும் முடிந்தது. உடலை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தொற்று பரவும் என்பதால் அன்றே மின்மயானத்தில் எரித்தார்கள். நேரம் காலம் பார்க்காமல் ஊராரைத் தொட்டுத் தூக்கியவரின் கடைசிப் பயணத்தில், தொட்டு அழ ஒருவருக்கும் வழியில்லை.

ஊர் என்ன செய்தது? பேராம்பிரா மருத்துவமனை காலியானது. நோயாளிகள் ஓடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த நர்ஸ்கள் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஆட்டோக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். அதே வாரத்தில் லினியின் படத்தைப் பகிர்ந்து ‘தேவதை’ என்று எழுதிய கைகளும் அதே ஊர்க் கைகள்தாம்.

எனக்கு இந்த ‘வெள்ளுடை தேவதை’ என்ற சொல்லே பிடிப்பதில்லை. தேவதைக்குப் பசிக்காது, சம்பளம் வேண்டாம், பணிநிரந்தரம் கேட்டுப் பந்தல் போட்டு உட்காராது. லினி இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 ஏப்ரலில்தான், தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று கேரள அரசு ஆணை போட்டது. பல ஆண்டுகள் தெருவில் நின்று வாங்கிய ஆணை அது.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். ஒரு சின்னத் தாள். பேனாவில், அவசரமாக எழுதிய சில வரிகள். பாதி மலையாளம், நடுநடுவே ஆங்கிலம். மருந்துச் சீட்டும் கேஸ் ஷீட்டும் எழுதிப் பழகியவர்களுக்குத் தானாக வரும் கலப்பு. கணவரைச் சேட்டன் என்று விளித்துத் தொடங்குகிறார். கிளம்பிக்கொண்டிருக்கிறேன், இனி பார்க்க முடியும் என்று தோன்றவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதற்கு ஒரு மன்னிப்பு. பிறகு வரிசையாகச் செய்ய வேண்டியவை. பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவம், குழந்தையை வளைகுடாவுக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். நம் அப்பாவைப் போலத் தனியாகிவிடக் கூடாது. கடைசியில் அன்பு, ஒரு முத்தம்.

என்ன ஆச்சு, இனி என்ன செய்யணும். ஷிஃப்ட் முடிகிற நேரத்து ஒப்படைப்பு. தன் உடம்பைப் பற்றி, வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது கேஸ் ஷீட்டில் இருக்கும் என்று விட்டுவிட்டார் போலும்.

அந்தத் ‘தனியாகிவிடக் கூடாது’ என்ற வரிக்கு மலையாளத்தில் எழுவாய் இல்லை. தமிழிலும் அப்படியே எழுதலாம், புரிந்துவிடும். ஆங்கிலத்தில் யாரென்று சொல்லாமல் தப்ப முடியாது. அதனால் சில பத்திரிகைகள், பிள்ளைகள் தனியாகிவிடக் கூடாது என்று பெயர்த்தன. அதை எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் யாரைப் பற்றிய வரி என்பதில் சந்தேகம் இருந்திருக்குமா?

லினியின் பெயரை உலகம் உடனே எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஜிம் காம்ப்பெல், மருத்துவப் பணியாளர்களான காசாவின் ரசான் அல் நஜ்ஜார், லைபீரியாவின் சலோமி கர்வா இருவரோடும் சேர்த்து அவரை நினைவுகூர்ந்தார். சலோமியும் ஒரு தாய். எபோலாவில் பெற்றோரைப் பறிகொடுத்து, தான் பிழைத்து, எபோலா வார்டிலேயே வேலைக்குத் திரும்பியவர். 2017இல் பிரசவமான சில நாட்களில் இறந்துபோனார். எபோலா வந்து போனவர் என்று தொடப் பயந்தார்கள் என்பது அவர் குடும்பத்தின் வேதனை.

2019இல் லினிக்குத் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது கிடைத்தது. ‘வைரஸ்’ என்ற மலையாளப் படத்தில் அவர் சாயலில் ஒரு பாத்திரம் வந்தது. 2018இல் கேரளத்தில் நோய் கண்டவர்கள் 23 பேர் என்கிறது பின்னர் வந்த ஆய்வுக் கணக்கு. பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. அதில் ஒருவர் நர்சிங் மாணவி.

பிள்ளைகளுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், கணவருக்குச் சுகாதாரத் துறையில் வேலையும் கேரள அரசு கொடுத்தது. குழந்தையை வளைகுடாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் லினி. அப்பா வளைகுடாவை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார். 2022 ஆகஸ்டில், சீட்டு எழுதப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் மறுமணம் செய்துகொண்டார்.