பழைய டிராக்டருக்கு ஒரு புதிய கை

செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்தில் ஒரு வயலோரம் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். டிரெய்லர் நிறைய எரு. மண்வெட்டியால் தள்ளி இறக்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். ஹைட்ராலிக் ஜாக்கி பொருத்திய டிரெய்லரோ அரை நிமிடத்தில் சாய்ந்து கொட்டிவிடும். இந்த வசதியைத் தாத்தா காலத்து டிராக்டருக்கும் அளிக்க முடியுமா?

முடியும். நம் ஊர்களில் ஓடும் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை, 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் தயாரிக்கலாயிற்று. அவற்றின் மூதாதை, 1946-இல் இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் உற்பத்தியாகத் தொடங்கிய பெர்குசன் டி.ஈ.20. கலப்பையைத் தூக்கும் எண்ணெய்ப் பம்பு அதில் அப்போதே உண்டு. ஆனால் இரண்டு குறைகள். கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். தவிர, கியர்கள் மூழ்கியிருக்கும் எண்ணெயைத்தான் அந்தப் பம்பு எடுக்கிறது. நீண்ட ஜாக்கிக்கு அதை அனுப்பினால் கியர்களுக்கு எண்ணெய் குறைந்துவிடும்.

ஆகவே தனி அமைப்பு தேவை. எஞ்சினின் முன்முனைத் தண்டிலிருந்து சுழலும் ஒரு பம்பு, ஓர் எண்ணெய்த் தொட்டி, வடிகட்டி, எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு, ஹோஸ், ஜாக்கி. இவ்வளவுதான்.

இனி கணக்கிற்கு வருவோம். அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ எடை. ஜாக்கி உருளையின் விட்டம் 10 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே விசை 11,775 கிலோ எடை. பதினோரு டன்னுக்கும் மேல்!

இந்த விசை சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பு நிமிடத்திற்கு 20 லிட்டர் தந்தால் ஜாக்கி வினாடிக்கு 4.2 செ.மீ. மட்டுமே நகரும். அதற்கே ஏறக்குறைய 6.7 குதிரைத்திறன் செலவாகும். விரயங்களையும் சேர்த்தால், சுமார் 25 குதிரைத்திறன் உள்ள அந்த எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு.

ஜாக்கி முழுவதும் நீண்டு நின்றபின் என்ன ஆகும்? பம்பு எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெயோ எளிதில் சுருங்காது. போக்கிடம் இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது தானே திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு அனுப்பும் பாதுகாப்பு வால்வு இதனால்தான் அவசியமாகிறது. இதை விட்டுவிட்டு வேலையை முடிப்பது, மூடியில் வால்வு இல்லாத பிரஷர் குக்கரை அடுப்பில் ஏற்றுவது போன்றது.

இன்னொரு அபாயம் கண்ணுக்கே தெரியாது. ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும், அதிலிருந்து சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளிதான். உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். தூக்கி நிற்கும் டிரெய்லருக்கு முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் நுழையவே கூடாது.

முடிவாக ஒரு கேள்வி. அதே பம்பு, அதே அழுத்தம். உருளையின் விட்டம் மட்டும் பாதியானால் விசை எவ்வளவு? வேகம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்!