தண்ணீர் எங்கே போயிற்று?

என்னுடைய பழைய பெட்ரோல் பிக்கப் வண்டிக்கு ஒருநாள் இரண்டு நோய்கள் கண்டன. நான்கு சிலிண்டர்களுள் ஒன்று வேலை செய்யத் தவறி, எஞ்சின் குலுங்கியது. ராடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. தரையிலோ ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

எஞ்சின் ஆறிய பின்னரே மூடியைத் திறந்தேன். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கும். சூட்டில் திறந்தால் ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றில் பழுப்பு படிந்திருந்தது; ஒன்று மட்டும் கழுவிவிட்டாற்போல் வெளுத்திருந்தது. ஹெட் காஸ்கெட் பழுதுற்று, நீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்து எரிதலைக் கெடுத்து, வெண்புகையாய் வெளியேறியிருக்கிறது! அழுத்தச் சோதனையும் அதனை உறுதிசெய்தது.

மாணவர்களே, நோய் இரண்டல்ல, ஒன்றே. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால், நீரிழந்த எஞ்சின் சூடேறி இறுகிப்போயிருக்கும். குறிகளைச் சேர்த்து நோக்கினால்தான் காரணம் புலப்படும்.