அடிமுடி காணாத எஞ்சின்!

நான் பி.காம். தேய்மானத்தை வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று பேரேட்டில் எழுதத் தெரியும். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். அப்பேர்ப்பட்ட என்னை, செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டான் அக்கா மகன்.

சாதாரண பைக் இல்லை சார்! மண், கல், ஓடை என்று எதிலும் இறங்குகிற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019-ல் வந்த மாடல். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலை ஏறத் துடிக்கும் பையன்களுக்கு இது கனவுக்கன்னி. விலை 85 ஆயிரம். பணம்? அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று வருஷம் போட்ட சீட்டு! அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வாட்டர் வாஷ் முடிந்து வண்டி பளபளவென்று நின்றது. பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட். மருமகன் முகத்தில் கார்த்திகை தீபம்!

நல்லவேளை, செங்கம் ரோட்டு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் முதலில் எஞ்சின் மேல் கையை வைத்தார். "சூடா இருக்கே... நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சீங்களா?"

சூடான எஞ்சின் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்குமாம். ஆறிய எஞ்சினில்தான் சுயகுணம் தெரியும். டீ குடித்து, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

அடுத்து ஏர் ஃபில்டர். ஓரத்தில் கிழிசல், அதற்கு அந்தப் பக்கம் விரலை விட்டால் செம்மண். "மண் ரோட்டு வண்டிக்குப் பள்ளம் எமன் இல்லை தம்பி, தூசிதான் எமன். உள்ளே போச்சுன்னா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டினார். முள் சோம்பேறியாக எழுந்து பாதியில் உட்கார்ந்தது. ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி பார்த்தார். முள் விறுவிறுவென்று ஏறியது! ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறுகிறது; ஆக, ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் இருந்தால் வால்வைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

கடைசியாக அடி போல்ட்டைத் திருகிக் கொஞ்சம் ஆயில் வடித்தார். அச்சு அசல் பால் காபி!

"இந்த எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் தண்ணியே கிடையாது. அப்புறம் ஆயில்ல தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

விற்கிறவர் தலையைக் குனிந்தார். ஜவ்வாது மலையில் ஏதோ ஓடை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி முங்கிவிட்டதாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், அமுக்கப் போன கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

"60 ஆயிரம் கொடுங்க, போதும்" என்றார். 25 ஆயிரம் ஒரே மூச்சில் இறங்கியதும் என் பி.காம். புத்தி குறுகுறுத்தது. "எஞ்சின் வேலைக்கு என்னண்ணே ஆகும்?"

அண்ணன் மலையைப் பார்த்துச் சிரித்தார். "பிரிக்காம எப்படிச் சொல்றது? பிரம்மாவும் பெருமாளும் தேடியே அடிமுடி கிடைக்காத ஊரு சார் இது!"

பிரம்மாவுக்குத் தாழம்பூ பொய் சாட்சி சொன்னது. இவருக்கு வாட்டர் வாஷ்!

வாங்கவில்லை. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி உண்டா, பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அது சட்டைப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அண்ணனுக்குக் கொடுத்தது 300 ரூபாய். தப்பித்தது அக்காவின் சீட்டுப் பணம். வராத நஷ்டத்தைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.

வீடு வரை மருமகன் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் போன் வந்தது.

"மாமா, இன்னொரு வண்டி பார்த்திருக்கேன். தொட்டுப் பார்த்துட்டேன்... எஞ்சின் ஜில்லுனு இருக்கு. அண்ணனைக் கூட்டிட்டு வர்றீங்களா?"