தண்டில் இரண்டு வளையம்

உங்களுக்குத் தெரியுமா?

மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதிச் சோயா வயல்களில், பச்சைப் பயிருக்கு நடுவே ஓரிரு இலைகளோ கிளைகளோ மட்டும் வாடித் தொங்கும். தண்ணீர்க் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். வாடிய இடத்துக்குக் கீழே பாருங்கள். பிளேடால் சுற்றிக் கீறியதுபோல் இரண்டு வளையங்கள் தெரியும். வளைய வண்டின் வேலை அது. தாய் வண்டு தண்டையோ இலைக்காம்பையோ இப்படிக் கடித்துவிட்டு, இரண்டு வளையங்களுக்கும் இடையே முட்டை வைக்கிறது. சாறு ஏறாமல் மேற்பகுதி வாடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு தண்டுக்குள் குடைந்தபடி கீழே இறங்கும். உள்ளே போய்விட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. நெருக்கமாக விதைத்த வயலில் தொல்லை கூடுதல். வாடிய பாகத்தைக் கண்டதுமே, வளையத்துக்குக் கீழே ஒடித்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள்.