பட்டறையில் பிறந்த காருக்கு நம்பர் பிளேட் கிடைக்குமா?

தென்காசி அருகே இலத்தூர் விலக்கில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், புளியரை எஸ் வளைவைத் தாண்டிக் கொல்லம் போகும் லாரிகள் ஓயாமல் கடந்துபோகும். சாரல் காலத்தில் அந்த ரோடு நனைந்தே கிடக்கும். பழைய மாருதி 800 இன்ஜினையும் இரும்புக் குழாய்களையும் வைத்துக் கொல்லையில் சொந்தமாகக் கார் கட்ட ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் இந்த ரோட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டுவதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் இறக்கினால்தான் ஆபத்து, வழக்கு எல்லாம்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், தேவராஷ்ட்ரே ஊரைச் சேர்ந்த கொல்லர் ஒருவர் சுமார் 60,000 ரூபாய் செலவில் பழைய சாமான்களைக் கொண்டு ஒரு குட்டி ஜீப் செய்தார். பைக்கைப் போல உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். 2021 டிசம்பரில் அதைப் பாராட்டிய தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, விதிகளுக்குப் பொருந்தாததால் அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். அடுத்த மாதம் ஜீப்பை வாங்கிக்கொண்டு ஒரு பொலேரோ கொடுத்தார். நாடே வியந்த வண்டிக்கும் ரோட்டில் இடமில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவுப்படி, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக்கூடாது. பதிவுக்குத் தயாரிப்பாளரின் தகுதிச் சான்றான படிவம் 22 வேண்டும். அதற்கு முன் மாதிரி வண்டியைப் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்களில் சோதித்துத் தேற வேண்டும். வீட்டில் ஒரே ஒரு கார் கட்டுபவருக்கென்று தனி வழி இல்லை. பிரிட்டனில் அப்படிப்பட்ட வண்டியைத் தனியாகச் சோதித்து அனுமதிக்கும் முறை உண்டு. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு வாழ்ந்த நாட்டிலும் அந்த முறை வந்தே ஆக வேண்டும்.

அதுவரை இருக்கும் சட்டம்தான் பொருந்தும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. பதிவான பழைய காரை அனுமதியின்றி உருமாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அபராதத்தை எப்படியும் கட்டிவிடலாம். என்னைக் கலங்க வைப்பது விபத்து. பதிவு பெறவே முடியாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்காது. ஸ்டீயரிங் இணைப்பில் போட்ட ஒரு வெல்டிங் விட்டுப்போய், எதிரே வந்தவர் இறந்தால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். வீடும் தோப்பும் அதில் போகும். பள்ளிப் பையன் ஓட்டியிருந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் இல்லை.

பழைய இரும்புக் கடையில் இன்ஜின் வாங்கும்போது ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் போலீஸ் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ஆசையை விடச் சொல்லவில்லை. வேலியடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே தனியாக அமைத்த வண்டி, சட்டத்தின் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வராது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களை ஓட்டுகிறார்கள். 50 வயதைத் தாண்டிய பழைய காரை, பெரிய மாற்றம் செய்யாமல் சீர்படுத்தினால், 2021 விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் பதிவு பெறலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல, கண்காட்சிக்கும் பேரணிக்கும் அது போதும்.

பதிவுக்கு விண்ணப்பித்து அது மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அதிகாரியின் கடமை. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே முதல் குழாயை வாங்குமுன் தென்காசி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்துக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.