தருமத்துக்கும் பத்திரம் வேண்டும்

எங்கள் கிராமத்து வாசிகசாலையில் கணனி ஒன்று உண்டு. கடல் கடந்து வாழும் ஊரவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. அதனுள் இருந்த மென்பொருள்களோ எவரும் விலை கொடுத்து வாங்கியவையல்ல. இளைஞர் ஒருவர் எங்கிருந்தோ பிரதி செய்து கொணர்ந்து பொருத்தியவை. "எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள், மாஸ்டர்" என்று அவர் கூறியபோது நானும் வாளாவிருந்தேன். சில மாதங்களின் பின் ஒருநாட் காலை கணனியை இயக்கியபோது மாலை வகுப்புப் பிள்ளைகளின் இடாப்பு, நூற்பட்டியல், மூன்றாண்டுக் கணக்கு ஆகிய யாவும் திறக்க இயலாதபடி பூட்டுண்டு கிடந்தன. களவுப் பிரதியோடு ஒட்டிக்கொண்டு வந்த நச்சுநிரல் செய்த வேலை அது.

அதன் பின்னரே ஓர் உண்மை எமக்குத் தெரியவந்தது. நாம் களவாக எடுத்த பொருள்களிற் பலவற்றை, முறைப்படி கேட்கும் தரும ஸ்தாபனங்களுக்கு அவற்றின் உரிமையாளர்களே இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்து வருகின்றனர்!

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1987ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் டானியல் பென் ஹோரின் என்பவர் "கொம்பியுமென்ரர்" என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கணனி அறிந்த தொண்டர்களைக் கணனி அறியாத தரும ஸ்தாபனங்களிடம் அனுப்பி வைப்பதே அதன் முதல் நோக்கம். காலப்போக்கில் கம்பனிகள் நன்கொடையாக அளிக்கும் மென்பொருள்களைப் பகிர்ந்தளிக்கும் பணியையும் அது மேற்கொண்டது. "ரெக்சூப்" என்பது அதன் இற்றைப் பெயர். கேட்போர் மெய்யாகவே தருமம் செய்வோர்தாமா என்று கம்பனிகளின் சார்பில் ஆராய்ந்து சொல்வதும் அதன் தொழில். பொருளைக் கொடுக்கும்போது ஒரு சிறு நிர்வாகக் கட்டணத்தையும் அறவிடும். கூகிள் கம்பனிக்கு இவ்வாராய்ச்சியை இப்போது "குட்ஸ்ராக்" என்னும் வேறொரு ஸ்தாபனம் செய்து கொடுக்கிறது.

கொடுக்கப்படுபவை அற்பமானவையுமல்ல. படங்களும் துண்டுப் பிரசுரங்களும் அமைக்க உதவும் "கன்வா", தகுதி பெற்ற ஒரு ஸ்தாபனத்தில் ஐம்பது பேர் வரை இலவசமாகப் பாவிக்க இடமளிக்கிறது. நன்கொடையாளர் விபரங்களைப் பேணும் "சேல்ஸ்போர்ஸ்" பத்துப் பேருக்கான உரிமையைத் தருகிறது. கூகிள், தன் தேடற் பக்கங்களில் மாதமொன்றுக்குப் 10,000 டொலர் வரை பெறுமதியான விளம்பரங்களை இலவசமாக இடவும் அனுமதிக்கிறது. எங்கள் வாசிகசாலைக்கு இந்த விளம்பரம் எதற்கு என்பது வேறு விஷயம்! ஆயினும் ஒவ்வொரு கொடையும் எல்லா நாடுகளுக்கும் உரியதன்று. கம்பனிக்குக் கம்பனி நாட்டுப் பட்டியல் வேறுபடும். விண்ணப்பம் எழுதுமுன் அதைப் பார்த்துக்கொள்ளல் நன்று.

இனி, தகுதி என்பது யாது? வறுமையே தகுதி என்று நாங்கள் எண்ணியிருந்தோம். முதல் விண்ணப்பத்தில் எங்கள் கூரை ஒழுகுவதையும் நாற்காலிகள் உடைந்திருப்பதையும் உருக்கமாக எழுதினோம். அவற்றை எவரும் கேட்கவேயில்லை. அவர்கள் கேட்டவை பதிவுப் பத்திரம், யாப்பு, கணக்கு ஆகிய மூன்றுமே.

தருமம் என்பதற்குச் சட்டம் கூறும் பொருளை இங்கே சிறிது நோக்குதல் தகும். 1601ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் இராணியின் காலத்து ஆங்கிலச் சட்டமொன்று தருமக் காரியங்களை வரிசைப்படுத்தியது. 1891இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பொன்று அவற்றை வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் பேணல், பொதுமக்களுக்கு நலம் பயக்கும் பிற பணிகள் என நான்காக வகுத்தது. இன்றைய கம்பனிகள் தம் நிபந்தனைகளை எழுதும்போதும் பெரும்பாலும் இவ்வகுப்பின் சாயலையே காண்கிறோம். தனியாட்கள் எவ்வளவு நல்லவராயினும் தகுதி பெறார். அரசாங்கக் கந்தோர்களும் கட்சிகளும் பொதுவாக விலக்கப்படும். பாடசாலைகளுக்கு வேறு சலுகை வழிகள் உண்டாதலால் அவை இந்த வாயிலால் நுழைதல் அரிது.

நம் நாட்டிலே ஒரு சங்கம் சட்டத்தின்முன் உருப்பெறப் பல வழிகள் உள. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை ஸ்தாபனச் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக அமைக்கலாம். நம்பிக்கைப் பொறுப்பாக உறுதி முடிக்கலாம். எங்கள் வாசிகசாலையோ சனசமூக நிலையமாக உள்ளூராட்சி மட்டத்தில் பதியப்பட்டது. அதனால் இடர் ஏற்படவில்லை. இடர் வந்த இடம் வேறு.

பதிவுப் பத்திரத்தில் எங்கள் பெயர் "சனசமூக நிலையமும் வாசிகசாலையும்" என முடிகிறது. வங்கிப் புத்தகத்தில் வெறும் "வாசிகசாலை". வாயிற் பலகையிலோ, அதை எழுதுவித்த உபகாரியின் தகப்பனார் பெயரும் முன்னே சேர்ந்துவிட்டது. ஆங்கில எழுத்துக்களில் ஊரின் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தோம். நாற்பதாண்டாக இயங்கும் ஒரே நிலையம், எங்கோ இருந்து ஆராய்ந்தவர் கண்ணுக்கு மூன்று நிலையங்களாகத் தோன்றிற்று. விண்ணப்பம் திருப்பப்பட்டது. ஆராய்ந்தவரிற் குற்றமில்லை.

இரண்டாவது குறை யாப்பில் இருந்தது. எஞ்சும் பணத்தை அங்கத்தவர் தமக்குள் பங்கிடலாகாது என்பதும், சங்கம் கலைந்தால் அதன் சொத்து அதே நோக்கமுடைய இன்னொரு தரும ஸ்தாபனத்துக்குச் செல்லவேண்டும் என்பதும் எழுத்தில் இருத்தல் நலம். எமது யாப்பு கலைவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மங்கலமான தொடக்கத்தில் அமங்கலத்தை ஏன் எழுதுவான் என்று முன்னோர் விட்டிருக்கலாம்.

மூன்றாவதைச் சொல்ல நாணமாக இருக்கிறது. சில கம்பனிகள், இனம், சமயம், பிறப்பு முதலிய பேதங் காட்டாது சேவை செய்கிறோம் என்று விண்ணப்பதாரர் உறுதி கூறவேண்டும் என்கின்றன. எங்கள் பழைய யாப்பில் அங்கத்துவம் "இப்பகுதியாருக்கே உரியது" என்று ஒரு வாசகம் இருந்தது. பகுதியார் என்றால் யாரைக் குறிக்கும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கவேண்டியதில்லை. நாங்கள் நெடுங்காலமாகவே அதன்படி நடப்பதில்லை. ஆனால் அதை நீக்கவும் ஒருவர் முன்வந்ததில்லை. எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நீக்காத வாசகத்தை ஒரு கம்பனியின் படிவத்தைப் பார்த்து நீக்கினோம்.

இதற்கெனக் கூட்டிய விசேட பொதுக்கூட்டத்தில் வார்த்தைகள் தடித்தன. "மென்பொருளுக்காக யாப்பைத் திருத்துவதோ?" என்றார் ஒரு பெரியவர். தனாதிகாரி எழுந்து, "அண்ணை, யாப்பைத் திருத்துவோம், மென்பொருள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்" என்றார். கையுயர்த்தியோர் தொகையே அதிகமாயிற்று.

வேறொரு விஷயத்திலும் கவனம் வேண்டும். கொடையைப் பெறும் கணக்கைக் காரியதரிசியின் சொந்த மின்னஞ்சலில் திறக்கலாகாது. காரியதரிசி கனடாவுக்குப் போய்விட்டால் கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடும். ஸ்தாபனத்தின் பெயரிலேயே ஒரு முகவரி அமைத்து, திறவுகோலை இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

கொடுப்பவர் மனம் மாறுதலும் உண்டு. மைக்ரோசொப்ட் கம்பனி தரும ஸ்தாபனமொன்றில் பத்துப் பேருக்கு இலவசமாக அளித்துவந்த உயர்தரத் தொகுதியை 2025இல் நிறுத்தி, அதனிலும் எளிய தொகுதியை மாத்திரம் இலவசமாக விட்டது. ஆகையால் கணக்குகளின் பிரதியைத் தம் கையிலும் வைத்திருத்தல் வேண்டும். கடிதமும் கணக்கும் எழுதுவது மாத்திரமே தேவையெனில் எவரிடமும் விண்ணப்பிக்கவேண்டியதில்லை. 2010இல் தொடங்கப்பெற்ற "லிப்ரே ஒப்பீஸ்" யாவர்க்கும் இலவசம். அது தமிழிலும் இயங்கும். எங்கள் கணனியில் முதலில் ஏறியது அதுதான்.

பெயரை எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக்கி, திருத்திய யாப்பையும் கணக்காய்வு செய்த கணக்கையும் சேர்த்து இரண்டாம் முறை அனுப்பினோம். இம்முறை கூரையைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

தனாதிகாரி கணனியை நம்பாது கையால் எழுதிவைத்த பேரேடு ஒன்று அவர் வீட்டுப் பெட்டகத்திற் பத்திரமாக இருந்தது. உயர்தர வகுப்பு மாணவியர் இருவர் மாலைதோறும் வந்து, அதனை முதற் பக்கத்திலிருந்து மீளப் பதிந்துகொண்டிருக்கின்றனர்.