கோப்பின் கைரேகை

வெளி மாநிலங்களில் வாழும் நாம், தமிழில் எழுதுவதற்கு வேண்டிய மென்பொருளை இன்று கடைதோறும் தேடுவதில்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறோம். அவ்வாறு வந்த கோப்பு, ஆக்கியோர் வெளியிட்டதுதானா என்று அறிவது எங்ஙனம்? பெயரை நம்புவதற்கில்லை, எக்கோப்பிற்கும் எப்பெயரையும் சூட்டலாம். அளவு ஒத்திருப்பதும் போதிய சான்றாகாது.

இதற்கென அமைந்த கணக்கு முறையே 'ஹாஷ்' என்பது. கோப்பு முழுவதையும் எண்களாகக் கொண்டு கணக்கிட்டு, குறித்த நீளமுடைய ஒரு குறியீட்டை அது தருகிறது. இன்று பெரிதும் வழங்கும் ஷா-256 முறையில், கோப்பு ஒரு வரியாயினும் ஒரு பெருநூலாயினும், விடை 64 குறிகளே. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் விடை முற்றிலும் வேறாகும். ஆதலின் இதனைக் கோப்பின் கைரேகை எனலாம்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம், வெளியான மென்பொருள்களைத் திரட்டி, அவற்றின் கோப்புகளுக்குரிய ரேகைகளைப் பட்டியலிட்டு வருகிறது. குற்றப் புலனாய்வாளர், கைப்பற்றிய கணிப்பொறியில் உள்ள எண்ணற்ற கோப்புகளை அப்பட்டியலோடு ஒப்பிட்டு, அறிந்தவற்றை ஒதுக்கி, அறியாதவற்றை மட்டும் ஆராய்கின்றனர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: பட்டியலில் இருப்பது 'அறிந்த கோப்பு' என்பதற்கே சான்று, 'நல்ல கோப்பு' என்பதற்கன்று.

2016 பிப்ரவரி 20 அன்று நிகழ்ந்ததைப் பார்ப்போம். லினக்ஸ் மின்ட் என்னும் இயக்க அமைப்பின் இணையதளத்தினுள் புகுந்த வஞ்சகர், பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, கள்ளவழி வைத்த கோப்பைப் பயனர் பெறுமாறு செய்தனர். பெயரில் ஐயம் எழவில்லை. அதனைக் கண்டறிந்த ஆக்குநர்கள், மெய்யான கோப்புகளின் ரேகைகளை வெளியிட்டு, ஒப்பிட்டுப் பார்க்குமாறு அறிவித்தனர்.

இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. கோப்பையே மாற்றவல்லவன், அதே பக்கத்தில் உள்ள ரேகையையும் மாற்றிவிடலாம். ஆகவே ரேகையை வேறொரு நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுதல் வேண்டும். ஆக்கியோரின் மின்கையொப்பம் இருப்பின் அதனையும் சரிபார்த்தல் நன்று. எம்.டி.5 முறையில் 2004-லும், ஷா-1 முறையில் 2017-லும், வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ரேகை அமையச் செய்ய இயலும் என்று ஆய்வாளர் காட்டிவிட்டனர். எனவே ஷா-256-ஐக் கொள்வதே தக்கது.

இதற்குத் தனிக் கருவி வேண்டுவதில்லை. விண்டோஸில் 'செர்ட்யூட்டில்', லினக்ஸில் 'ஷா256சம்' என்னும் கட்டளைகள் உள்ளன. நிறுவுமுன் ஒரு நிமிடம் செலவிட்டு, 64 குறிகளையும் ஒப்பிடுவோமாக. ஒன்று மாறுபடினும் அக்கோப்பைத் திறவாது நீக்குவதே அறிவுடைமை.